ஆங்கில ஆசிரியர்களை உருவாக்கும் வேலைக்கு வர ஆசையா? முதலில் ஏழாம் வகுப்புக்குப் போங்கள்

கேள்வி: அக்கா, திருநெல்வேலியில் எம்.ஏ., எம்.ஃபில். ஆங்கிலம் முடித்துவிட்டு ஒரு பொறியியல் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒஹையோ வந்தாயிற்று. எச்-4 இஏடி, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி, கையில் இருக்கிறது, பக்கத்து மிடில் ஸ்கூலில் ஆசிரியர் வராத நாட்களில் சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போகிறேன். அங்கே பிள்ளைகள் வைத்திருக்கும் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து நானும் படிக்க ஆரம்பித்து, இப்போது அதிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். பதின்வயதினருக்காக எழுதப்படும் இந்த இளையோர் இலக்கியத்தை நடத்துவது, ஆங்கில ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்றே ஒரு பேராசிரியர் வேலை உண்டு என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. என்னோடு படித்தவர்களோ, மில்டன் படித்துவிட்டு இப்போது சின்னப்பிள்ளை புத்தகமா என்கிறார்கள். பிஎச்.டி.யை இலக்கியத்தில் செய்வதா, ஆங்கிலம் கற்பிப்பதை ஆராயும் ஆங்கிலக் கல்வித் துறையில் செய்வதா? என் உச்சரிப்போடு அமெரிக்கர்களிடம் போய் ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்று பாடம் நடத்த முடியுமா? எனக்கு 34 வயது. முடித்து வரும்போது வேலை இருக்குமா?

கொலம்பஸ் அருகிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

ஆங்கிலக் கல்வியிலேயே செய்யுங்கள். ஆனால் இந்த டிசம்பரில் விண்ணப்பிக்க வேண்டாம். முதலில் ஆசிரியர் உரிமம் வாங்குங்கள், ஒரு பள்ளியில் உங்கள் பெயர் எழுதிய வகுப்பறையில் மூன்று வருடமாவது நில்லுங்கள், அப்புறம் பிஎச்.டி. இதைக் கேட்டதும் மனசு சோர்ந்துபோகும் என்று தெரியும். எம்.ஏ., எம்.ஃபில். முடித்தவரை மறுபடி முதல் படியிலிருந்து ஏறச் சொல்கிறேனே என்று தோன்றும். ஆனால் இந்தத் துறையில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு வரும் விளம்பரங்களை நீங்களே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் பள்ளியில் மூன்று ஆண்டு கற்பித்த அனுபவம் வேண்டும் என்று இருக்கும். சப்ஸ்டிட்யூட்டாகப் போனதை அதில் சேர்க்கமாட்டார்கள், பொறியியல் கல்லூரியில் எடுத்ததையும் சேர்க்கமாட்டார்கள். விளம்பரம் கேட்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பள்ளி வகுப்பில் நின்று பழகாதவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஏன் என்று சொல்ல, இந்த வேலையில் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தகங்களைப் பற்றிப் பேசும் வேலை மாதிரி தெரியும். ஒரு செமஸ்டரில் இளையோர் இலக்கியம் ஒரு வகுப்பு எடுப்பேன், ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பற்றி ஒரு வகுப்பு எடுப்பேன், அது பாதி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் காரிலும் பள்ளிக்கூடங்களிலும் போகிறது. ஸ்டூடன்ட் டீச்சிங் என்று கடைசி செமஸ்டரில் மாணவர்களைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், பல இடங்களில் இன்னும் சம்பளம் கிடையாது, அதற்கும் சேர்த்து அவர்கள்தான் கட்டணம் கட்டுகிறார்கள், இரவில் உணவகத்தில் வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வகுப்பில் நிற்பவர்களும் உண்டு. அவர்களுடைய வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களை ஏற்றுக்கொண்ட பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் போய் நிற்க வேண்டும். இதற்கு மேல் மாநிலத் தேர்வு, அங்கீகாரத்துக்கு அனுப்பும் அறிக்கைகள், ஆராய்ச்சிக் கட்டுரை. அந்த மூலையில் உட்கார்ந்து பேசும் கால்மணி நேரம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் உயிர்.

நம்மிடம் வரும் மாணவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கில ஆசிரியர் ஆகவேண்டும் என்று வருபவர்கள் அநேகமாகப் பள்ளியில் ஆங்கில வகுப்பை நேசித்தவர்கள். புத்தகம் கொடுத்தால் படித்தவர்கள், கட்டுரை எழுதச் சொன்னால் எழுதியவர்கள், ஆசிரியர் கேட்டால் முதலில் கையைத் தூக்கியவர்கள். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் எழுதியது இங்கே எல்லாக் கல்வியியல் வகுப்பிலும் பேசப்படும்: ஒருவர் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் 13,000 மணி நேரம் ஆசிரியர்களின் அருகிலேயே இருந்துவிடுகிறார், அதனால் கற்பிப்பது என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பயிற்சிக்கு வருகிறார். அந்த 13,000 மணி நேரமும் அவர் பார்த்தது மாணவரின் பெஞ்சிலிருந்து. அதிலும் நம்மிடம் வருபவர்கள் பார்த்தது நன்றாகப் படித்த பிள்ளையின் பெஞ்சிலிருந்து. வகுப்பில் 28 பேர் இருந்தால் அவரைப் போல இருக்கப்போவது மூன்று நான்கு பேர். மற்றவர்களில் சிலருக்குப் படிப்பது சிரமம், சிலருக்குப் படிக்க முடியும் ஆனால் பிடிக்காது, சிலர் வீட்டில் நிறையப் படிப்பார்கள், ஆனால் பள்ளி கொடுத்ததை மட்டும் தொடமாட்டார்கள். புத்தகத்தை நேசித்த ஒருவரை, நேசிக்காத பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவராக மாற்றுவது. நான் செய்யும் வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு உதாரணம். வால்டர் டீன் மயர்ஸின் 'மான்ஸ்டர்' நாவல் உங்கள் பள்ளி நூலகத்தில் கட்டாயம் இருக்கும். பதினாறு வயது கறுப்பினப் பையன் ஒருவன் நியூயார்க்கில் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறான், தன் வழக்கையே ஒரு திரைக்கதையாக எழுதிக்கொண்டு போகிறான், நடுநடுவே நாட்குறிப்பு. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது தொடங்கிய 2000ஆம் ஆண்டில் முதல் விருது இதற்குத்தான். என் மாணவி ஒருவர் எட்டாம் வகுப்பில் இதை நடத்தும்போது நான் பின்வரிசையில் இருந்தேன். மிகவும் கவனமாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார், கதையின் கருப்பொருள் என்ன என்று கேட்டார், வகுப்பு அமைதி. அப்போது ஜன்னலோரத்தில் ஒரு பையன், தலையைக்கூட நிமிர்த்தாமல், "இவன் பொய் சொல்றான்" என்றான். "சரி, அதுக்கு அப்புறம் வருவோம்" என்று சொல்லிவிட்டு அவர் கருப்பொருளுக்குப் போய்விட்டார். அதற்குத் திரும்ப வரவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அந்த நாவல் முழுவதும் நிற்பதே அந்தச் சந்தேகத்தின் மேல்தான். கதைசொல்லியை நம்பலாமா, தன்னைப் பற்றி அவனே படம் எடுத்துக் காட்டும்போது எதைக் காட்டுகிறான், எதை விடுகிறான் என்று எம்.ஏ. வகுப்பில் நாம் பெரிய பெரிய பெயர் வைத்துப் பேசியதை அந்தப் பையன் மூன்று சொல்லில் சொல்லிவிட்டான். அந்த வகுப்பிலேயே அன்று உண்மையாக வாசித்தவன் அவன். "எந்தப் பக்கத்தில் உனக்கு அப்படித் தோன்றியது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அடுத்த நாற்பது நிமிடமும் தானாக ஓடியிருக்கும். என் மாணவிக்கு மில்டன் தெரியும், கருப்பொருள் தெரியும், பாடத்திட்டம் எழுதத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள அன்று தெரியவில்லை. இதைப் புத்தகம் படித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, தானே அப்படிப் பல வாக்கியங்களைப் பிடித்தும் தவறவிட்டும் பழகியவரால்தான் முடியும். உங்களை ஏழாம் வகுப்புக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் நண்பர்களின் மில்டனுக்கு வருவோம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நம் ஊர் ஆங்கிலத் துறைகளில் படித்த யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தத் துறை நேற்று முளைத்தது இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே, அர்த்தம் என்பது புத்தகத்துக்குள் பூட்டிவைத்திருக்கும் ஒன்று இல்லை, வாசிப்பவருக்கும் பக்கத்துக்கும் இடையில் நடப்பது என்று எழுதிவிட்டார். நான் மேலே சொன்ன பையனின் கதைக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு அதுதான். 1967இல் டல்சா நகரத்தில் எஸ்.ஈ.ஹின்டன் என்ற பெண் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' வந்தது, பதின்வயதினரைப் பற்றிப் பெரியவர்கள் எழுதும் உபதேசக் கதைகள் நிறைய இருந்த காலத்தில் ஒரு பதின்வயதுப் பெண்ணே தெருச் சண்டையையும் ஏழைப் பையன்களையும் எழுதினாள். அதே ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கார்ல்சன், பதின்வயதினர் என்னென்ன படிக்கிறார்கள், ஏன் படிக்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 1911இல் தொடங்கியது. அதற்குள்ளேயே இளையோர் இலக்கியத்துக்கு என்று ஆலன் என்ற கிளை 1973இல் வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் அதன் கூட்டம் நடக்கிறது, எழுத்தாளர்கள் வருவார்கள், கலந்துகொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்புவார்கள். என்றாவது ஒரு வருடம் நீங்கள் அங்கே போகவேண்டும், ஆசிரியர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு விமானநிலையம் போவதைப் பார்த்தால் இந்தத் துறையின் மேல் உங்களுக்குப் பிரியம் வந்துவிடும்.

ஆனால் ஒன்று. இளையோர் இலக்கியத்தை ஷேக்ஸ்பியருக்குப் போகும் படிக்கட்டாக மட்டும் வைத்துப் பேசுபவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு முதலில் சுலபமானதைக் கொடுத்துப் பழக்கிவிட்டு அப்புறம் நல்லதைக் கொடுக்கலாம் என்பார்கள். விண்ணப்பத்தில் தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஜீன் லுவென் யாங்கின் சித்திர நாவலையோ, முழுக்கக் கவிதையாகவே எழுதப்பட்ட நாவல்களையோ எடுத்து அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று எம்.ஃபில்.லில் ஒரு கவிதையைப் பிரித்துப் பார்த்த அதே பொறுமையோடு பாருங்கள். சில புத்தகங்கள் தாங்காது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மோசமான புத்தகமும் இதில் ஏராளமாக உண்டு. எது நல்ல புத்தகம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைத்தான் மாணவர்கள் மதிப்பார்கள்.

நீங்கள் இருக்கும் ஊருக்கு இன்னொரு தொடர்பு உண்டு. ரூடின் சிம்ஸ் பிஷப், கொலம்பஸில் இருக்கும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்கவேண்டும், திறந்துகொண்டு உள்ளே போகும் கண்ணாடிக் கதவாகவும் இருக்கவேண்டும் என்று 1990இல் எழுதினார். அவர் சொன்னது கறுப்பினக் குழந்தைகள் தங்களைப் புத்தகத்தில் பார்க்கமுடியாமல் இருந்த நிலையை வைத்து. வெள்ளைக்காரக் குழந்தைகள் தங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதும் கெடுதல் என்றும் சேர்த்தே சொன்னார். சென்னையில் பிறந்து பத்தொன்பது வயதில் அமெரிக்கா வந்த பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' 2019இல் வந்தது, வீட்டைவிட்டு ஓடிவந்து சென்னையில் ஒரு பாலத்தின் மேல் தங்கும் பிள்ளைகளின் கதை. ஒஹையோவின் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டைப் பற்றி எதுவுமே தெரியாத 21 வயது மாணவர் அதை வகுப்பில் எப்படி நடத்துவார்? பரிதாபப்படுவதற்கான கதையாக மாற்றிவிடாமல் நடத்த அவருக்கு யார் சொல்லித்தருவது? இந்தக் கேள்வியோடு ஒரு பிஎச்.டி.யே செய்யலாம். உங்களால் செய்யமுடியும்.

இதிலிருந்தே உச்சரிப்புக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் சில முகங்கள் சுருங்கும், மாணவர் மதிப்பீட்டில் யாராவது அதை எழுதவும் எழுதுவார்கள், படித்துவிட்டு அன்றைக்கு வலிக்கத்தான் செய்யும். அது நடக்காது என்று சொன்னால் பொய். ஆனால் இங்கே அரசுப் பள்ளிகளில் பத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை. ஆசிரியர்களில் பத்தில் எட்டு பேர் வெள்ளையர்கள், நம் வகுப்புக்கு வரும் பயிற்சி மாணவர்களில் பலருக்கு ஒரே மொழிதான் தெரியும். ஒரு பக்கத்தில் பத்துச் சொல் புரியாமல் இருக்கும்போது கதையை விட்டுவிடாமல் எப்படி முன்னே போவது, எந்தச் சொல்லை விட்டுவிடலாம், எதை விட்டால் கதையே போய்விடும், அகராதியை எப்போது திறப்பது, சத்தமாக வாசிக்கச் சொன்னால் தொண்டை ஏன் அடைக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு நூலில் படித்த விஷயம். நீங்கள் பத்து வயதிலிருந்து செய்துவந்தது. அந்தப் பத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பது ஏன் என்று மாணவர்களுக்குச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அந்தத் துறையில் இருக்கமாட்டார். உச்சரிப்பை மாற்ற வகுப்புக்குப் போகாதீர்கள், கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டு வாருங்கள், ஏனென்றால் இப்போது ஆங்கில ஆசிரியர் ஆவது புத்தகத் தடைக்கு நடுவில் ஆவது. 2023இல் மட்டும் பள்ளி, பொது நூலகங்களில் 4,240 வெவ்வேறு நூல்களை நீக்கவோ கட்டுப்படுத்தவோ முயற்சி நடந்ததாக அமெரிக்க நூலகச் சங்கம் பதிவு செய்திருக்கிறது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக்கூடாது என்று 1982இல் பிகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் நீதிபதிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, பேசப்பட்டதும் நூலகத்தைப் பற்றித்தான், வகுப்பில் நடத்தும் பாடத்தைப் பற்றி இல்லை. அதனால் என் மாணவர்களுக்குத் தீர்ப்பைக் காட்டித் தைரியம் சொல்வதோடு நிறுத்துவதில்லை. நடத்தப்போகும் ஒவ்வொரு நாவலுக்கும் ஏன் இந்தப் புத்தகம், எந்த வயதுக்கு, எந்தப் பகுதி யாருக்குச் சங்கடமாக இருக்கலாம், வேண்டாம் என்னும் பிள்ளைக்கு மாற்று என்ன என்று ஒரு பக்கம் முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன். கோபமாக வரும் பெற்றோரை உட்காரவைத்துப் பேசுவதையும் வகுப்பில் பழகிப்பார்க்கிறோம். முதல் வருட ஆசிரியர், வேலை நிரந்தரமில்லாதவர், தனியாக நிற்கவேண்டியிருக்கும்போது அந்த ஒரு பக்கம் கையில் இருப்பது பெரிய பலம்.

வேலை கிடைக்குமா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தரமுடியாது. 2010க்குப் பிறகான எட்டு ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சியில் சேருபவர்கள் இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தார்கள், மாணவர் குறைந்தால் பேராசிரியர் பணியிடமும் குறையும். இலக்கிய பிஎச்.டி. முடித்தவர்களின் நிலைமை இன்னும் கடினம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஆங்கிலக் கல்வியில் முடித்தவருக்குப் பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால் பள்ளி இருக்கிறது, மாவட்டத்தில் வாசிப்புப் பயிற்றுநர் வேலை இருக்கிறது, பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிடும் வேலை இருக்கிறது. கையில் உரிமம் இருப்பவருக்கு இதெல்லாம் திறந்திருக்கும். 34 வயது என்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள், இந்தத் துறையில் பிஎச்.டி.க்கு வருபவர்கள் பலரும் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு முப்பதுகளில், நாற்பதுகளில் வருபவர்கள்தான். என் வகுப்பில் இருந்த ஒருவர் தன் மகளும் கல்லூரியில் சேர்ந்த வருடத்தில் சேர்ந்தார்.

விசாவை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இஏடி என்பது கணவரின் நிலையைப் பொறுத்தது, அது நின்றுபோனால் பள்ளி வேலையும் அன்றே நின்றுபோகும். எச்-1பியில் பல்கலைக்கழகங்களுக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு இல்லை, பள்ளி மாவட்டங்களுக்குப் பொதுவாக உண்டு. பிஎச்.டி.க்கு உதவித்தொகையோடு வரும் அசிஸ்டன்ட்ஷிப்புக்கும் வேலை அனுமதி தேவை, தேவைப்பட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் வளாகத்துக்குள் செமஸ்டர் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சேருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

இப்போது செய்யவேண்டியது: இந்திய மதிப்பெண் சான்றிதழ்களை ஒஹையோ ஏற்கும் நிறுவனத்தில் மதிப்பீடு செய்யக் கொடுங்கள், எம்.ஏ. இருப்பதால் உரிமத்தோடு சேர்ந்த கல்வியியல் முதுகலை ஒன்றை அநேகமாக ஒன்றிலிருந்து இரண்டு வருடத்தில் முடிக்கலாம், எந்தெந்தத் தாள்களைக் கழித்துத் தருவார்கள் என்று சேர்க்கை அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும். நீங்கள் அடிக்கடி போகும் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் பேசி, ஐந்தாறு பிள்ளைகளோடு மதிய இடைவேளையில் ஒரு புத்தகம் படிக்க அனுமதி கேளுங்கள், புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் சொல்வதை, சொன்ன வார்த்தையிலேயே, அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பெயர் வேண்டாம். முதுகலை விண்ணப்பத்தில் ஏன் இந்தத் துறை என்று எழுதச் சொல்லும் இடத்தில் ஷேக்ஸ்பியர் மேல் உங்களுக்குள்ள காதலை எழுதாமல் அந்த நோட்டிலிருந்து ஒரு பிள்ளை சொன்னதையும், அதைக் கேட்டு நீங்கள் அடுத்து என்ன கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.